முதலியார் வீட்டுத் தபால்பெட்டி

எசன், 1988 நவம்பர். அமரர் சவரிமுத்து யோசேப்பு அவர்களின் எட்டாம் நாள் நினைவுக் கூட்டத்தில் வாசுதேவன் பேசியது.

தலைமை தாங்கும் நடேசன் அண்ணை அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே, நாங்கள் ஸ்டிவ்டுங் என்று சொல்லும் அறநிதியத்தின் சார்பில் வந்து மேடையில் அமர்ந்திருக்கும் திருமதி மோலன்காம்ப் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் இருந்து நான் பேசப் பேச ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருக்கும் ஞானமலர் தங்கச்சி, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் மக்டலீன் அக்கா, குளிருக்குப் போட்ட ஜக்கெற்றைக் கழற்றாமல் கதவுப் பக்கமாகவே இருக்கும் என் சனங்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஞானமலர், முதலில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் சொல்வதை இனிப்புப் போட்டுச் சொல்ல வேண்டாம். நான் கோபமாகச் சொன்னால் கோபமாகவே சொல்லுங்கோ. எங்கள் யோசேப்பு முதலியார் அப்படித்தான் மொழிபெயர்ப்பார். சாட்சி வாய்க்கு வந்தபடி ஏசினாலும் அதை அப்படியே நீதவானுக்குச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் நல்லதுதான் பேசுவார்கள். எனக்கு அதிலும் சந்தேகம். எனக்கு முன் பேசிய மூன்று பேரும் முதலியாரைத் தங்கள் கூடப்பிறந்தவர் என்றார்கள். அவர்களில் ஒருவர், இரண்டு வருடத்துக்கு முன் ரெயில் நிலையத்தில் முதலியாரைக் கண்டுவிட்டு மறுபக்கப் படியால் இறங்கி ஓடியதை நான் கண்ணால் கண்டவன். பெயர் சொல்ல மாட்டேன். அவர் இப்போது தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் யார்? ஊரில் கூட்டுறவுச் சங்கங்களின் பரிசோதகராய்ப் பதினேழு வருடம் இருந்தவன். சொல்லாமல் கொள்ளாமல் சங்கக் கடைக்குள் நுழைவேன். சீனி மூட்டையில் கையை வைத்த உடனே, நிறை கூட்டத் தண்ணீர் தெளித்தவர்களா இல்லையா என்று சொல்லிவிடுவேன். என்னைக் கண்டால் மனேச்சர்மார் வெற்றிலையும் தேத்தண்ணியுமாய் ஓடி வருவார்கள். தேத்தண்ணி தருகிறவனைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இங்கே வந்து ஆஸ்பத்திரிக் குசினியில் கோப்பை கழுவுகிறேன். தொழில் போய்விட்டது. சந்தேகம் போகவில்லை.

அப்படிப்பட்ட நான் இன்று ஒருவரைப் புகழ வந்திருக்கிறேன். ஆகவே கவனமாய்க் கேளுங்கோ.

சவரிமுத்து யோசேப்பு. மன்னார் நீதவான் நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடம் மொழிபெயர்ப்பாளர் முதலியார். முதலியார் என்பது சாதி இல்லை, அது அந்த உத்தியோகத்தின் பெயர் என்பதை இங்கே பிறந்து வளரப்போகும் பிள்ளைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். சாட்சி ஒரு மொழியில் பேச, நீதவான் இன்னொரு மொழியில் கேட்க, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவர். எண்பத்துநான்கில் மனைவியோடு இங்கே வந்து இறங்கினார். போன கிழமை, கோட்டுக்கு, அதுதான் நீதிமன்றத்துக்கு, போகிற ட்ராமில், இருந்த இருக்கையிலேயே அவருடைய இதயம் நின்றுவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. அது ஒரு வயதா?

அழுகிறதற்கு முன் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேணும். வருகிற செவ்வாய்க்கிழமை பதினொரு பேருடைய தலைவிதி முடிவாகப் போகிறது. அந்தப் பதினொரு பேரும் முதலியாருடைய தபால்பெட்டியால்தான் வெளியில் நடமாடுகிறார்கள். முதலியார் போய்விட்டார். மாத முடிவோடு வீட்டுச் சொந்தக்காரன் வீட்டைத் திருப்பிக் கேட்கிறான். மக்டலீன் அக்கா ஹம் நகரத்தில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போகிறார். பதினொரு பேருக்கும் வேறு விலாசம் ஒன்று செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்காவிட்டால், பழைய பிடியாணை திரும்ப உயிர் பெறும் என்று நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பதினொரு பேரில் ஆறு பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

ஒரு தபால்பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது?

எண்பத்தைந்தாம் வருடம் இந்த ஸ்டிவ்டுங்கிலிருந்து பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தச் சுற்றுவட்டாரக் கோடுகளில் சின்னக் குற்றங்களுக்கு யாரை விளக்கமறியலில் போடுகிறார்கள், யாரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று பார்த்துக் குறித்துத் தர ஒருவர் வேணும், செலவை நாங்கள் தருகிறோம், பிணைக்கு வைக்கவும் ஒரு தொகை தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். பங்குத்தந்தை அதை முதலியாரிடம் கொடுத்தார்.

செய்தி எங்கள் ஆட்களிடம் வந்தது. எங்களுக்கு என்ன தோன்றியது? மறந்துபோனோமா? நான் மறக்கவில்லை. வெள்ளைக்காரன் சும்மா காசு தருவானோ? நிலக்கரியில் பணம் சேர்த்து இந்த ஸ்டிவ்டுங்கை வைத்த குடும்பத்துக்குக் கறுத்தத் தமிழன் மறியலில் கிடந்தால் என்ன, கிடக்காவிட்டால் என்ன? எங்களை எண்ணுகிறார்கள். எண்ணி முடியப் பிடித்து அனுப்பப் போகிறார்கள். முதலியார் எண்ணிக் கொடுக்கிறார். இதுதான் ஒவ்வொரு ஹைமிலும், ஒவ்வொரு குசினியிலும் பேச்சு. ஹைம் என்றால் எங்களை அடைத்து வைத்திருந்த அந்த அகதி விடுதிகள்தான், திருமதி மோலன்காம்புக்குத் தெரியாததில்லை.

எங்களைக் குறை சொல்லவும் ஏலாது. எண்பத்துமூன்று ஆடியில் கொழும்பில் எங்களை அடிக்க வந்தவர்கள் கையில் பட்டியலோடு வந்தார்கள். எந்த வீடு தமிழன் வீடு என்று இலக்கம் பார்த்து வந்தார்கள். வெள்ளவத்தையில் என் தமையனுடைய வீட்டு இலக்கமும் அதில் இருந்தது. அண்ணையை நாங்கள் பிறகு கண்டெடுக்கவில்லை. அன்றிலிருந்து யாராவது என் பெயரைக் கடதாசியில் எழுதினால் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான். வாசலில் வைத்திருக்கும் வருகைக் கொப்பியில் நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.

முதலியார் முதல் நாள் கோட்டுக்குப் போனார். எந்தக் கோடு என்று சொல்ல மாட்டேன். ஒரே காலை, ஒரே மேசை, ஒரே நீதவான். முதலாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், ஒரு ஜெர்மன்காரன். மூன்றாம் முறையாய் டிக்கெட் இல்லாமல் ரெயில் ஏறி, பரிசோதகரைத் தள்ளியும் விட்டவன். அவனுக்கு வேறொரு நாள் தவணை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது எதிரி எங்கள் ஆள். அவரிடம் டிக்கெட் இருந்தது. அகதியாய்த் தன்னை இருக்கச் சொல்லி ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியில் வர அனுமதித் துண்டு இல்லை. இரண்டாம் முறை. அவருக்கு விளக்கமறியல். ஐந்து மாதத்தில் முதலியார் இப்படி எழுபது வழக்குப் பார்த்தார். வீட்டுக்குப் போன நிறம் எது, மறியலுக்குப் போன நிறம் எது என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தால் போதும்.

அந்தக் குறிப்புகளோடு முதலியார் அந்த நீதவானைப் போய்ச் சந்தித்தார். கோட்டு வாசல் நடையில் மூன்று நாள் காத்திருந்து சந்தித்தார். தாள்களைப் பார்த்த நீதவானுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு சொன்னாராம்:

"நான் தோலைப் பார்ப்பதில்லை. விலாசத்தைத்தான் பார்க்கிறேன். நிலையான விலாசம் இல்லாதவனை நான் எங்கே போய்த் தேடுவது?"

முதலியார் தன் சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வீட்டு விலாசத்தை எழுதி நீட்டினார்.

"அப்படியென்றால் இதைப் பாருங்கோ, ஐயா. உங்கள் கடிதத்தை இங்கே போடுங்கோ. ஆளை நான் கொண்டுவந்து விடுகிறேன்."

அவ்வளவுதான் அந்தத் தபால்பெட்டியின் சரித்திரம். இந்த நாட்டுச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. நிலையான விலாசம் இல்லாதவன், தனக்கு வரும் கோட்டுக் கடிதத்தை வாங்க ஒருவரை நியமித்து, பிணைத் தொகையையும் வைத்தால், அவனை உள்ளே போட வேண்டியதில்லை. பிணைக்கு ஸ்டிவ்டுங் காசு. கடிதத்துக்கு முதலியாருடைய பெட்டி. ஒரு பெயர் இரண்டாகி, ஐந்தாகி, முப்பத்துமூன்றாகியது. மக்டலீன் அக்கா சின்னச் சின்னத் துண்டாய் வெட்டி ஒட்டினார். பெட்டியில் இடம் முடிய, பக்கத்துச் சுவரில் ஒரு பலகை அடித்து அதில் ஒட்டினார்.

வேலை லேசென்று நினைக்கிறீர்களா? தபால்காரன் கடிதத்தைப் போட்ட நாளை உறையில் எழுதிவிட்டுப் போவான். அந்த நாளிலிருந்து தவணைக் கணக்கு ஓடும். ஒரு நாள் பிந்தினால் வழக்கு முடிந்தது. அக்கா சலவைக்கூடத்தில் பகல் வேலை. அதனால் முதலியார் ஒவ்வொரு நாளும் தபால் வரும்வரை வீட்டில் இருந்தார். வந்த பிறகுதான் வெளியில் போனார். தவணைக்கு முதல்நாள் ஒவ்வொருவருக்கும் டெலிபோன் எடுப்பார். எடுபடாவிட்டால் ஹைமுக்கே போய் நிற்பார். கோட்டு வாசலில் வைத்து, "தலையை ஆட்டாதேங்கோ, நிலத்தைப் பார்க்காதேங்கோ" என்று சொல்லிக் கொடுப்பார். பெரியவருக்கு முன்னால் நிலத்தைப் பார்ப்பது எங்களுக்கு மரியாதை. இங்கே அது கள்ளனின் முழி. இதை அவர் நீதவான்மாருக்கும் சொல்லிக் கொடுத்தார், அதுதான் பெரிய காரியம்.

மூன்றரை வருடத்தில் அறுபத்திரண்டு பேரை வெளியில் எடுத்தார். அறுபத்தொரு பேர் தவணைக்குத் தவறாமல் வந்தார்கள். ஒருவர் மட்டும் கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய மச்சான் இங்கே இருக்கிறார். அவருக்கும் என் வணக்கம்.

சரி. புகழ்ச்சி போதும். இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

எண்பத்தாறாம் வருடம் புரட்டாதி மாதம், ஸ்டிவ்டுங்குக்கு மொட்டைக் கடிதம் போனது. ஒன்றல்ல, ஒரே மாதத்தில் மூன்று. யோசேப்பு என்பவர் முப்பத்துமூன்று பெயரைத் தன் பெட்டியில் ஒட்டி, முப்பத்துமூன்று பேருக்கு அரசாங்கம் தரும் சோசியல் உதவிப் பணத்தையும் எடுத்துச் சாப்பிடுகிறார், அந்தப் பெயர்களை இலங்கைத் தூதரகத்துக்கும் கொடுக்கிறார் என்று அவற்றில் இருந்தது. எங்கள் ஆட்களால் மட்டும் செய்யக்கூடிய வேலை இது. ஊரில் ஒரு தபாலதிபரை மாற்ற வேணுமென்றாலும், ஒரு கலியாணத்தைக் குழப்ப வேணுமென்றாலும், கீழே பெயர் இல்லாமல் ஒரு கடிதம் போடுவோம். கடல் தாண்டி வந்தும் அந்தப் பழக்கத்தைச் சூட்கேசில் கொண்டு வந்தோம்.

திருமதி மோலன்காம்ப், உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பெயர் இல்லாத கடிதம் மூன்று வந்த அதே கிழமை நீங்கள் பிணை நிதியை நிறுத்தினீர்கள். அதற்கு முந்தின மாசியில், மறியலில் இருக்கும் எங்கள் பெண்களுக்கு ஒரு சட்டத்தரணி வேணுமென்று முதலியார் தன் பெயரை எழுதி, கையெழுத்து வைத்து உங்களுக்கு ஒரு கடிதம் போட்டார். அதற்குப் பதில் வர ஏழு மாதம். இது ஏன்? எங்கள் ஆள் ஒருவர் நல்லது செய்கிறார் என்றால் நம்ப ஏழு மாதம், களவெடுக்கிறார் என்றால் நம்ப ஏழு நாள். கோடுகளில் நீங்கள் எண்ணச் சொன்ன வித்தியாசம் உங்கள் கந்தோர் மேசையிலும் கொஞ்சம் கிடந்தது என்று நான் சொன்னால் கோபிப்பீர்களா?

ஞானமலர், இதைச் சொன்னீர்களா? நல்லது.

நிதி நின்ற நாளிலிருந்து ஒன்பது கிழமை ஒருவரையும் வெளியில் எடுக்க ஏலாமல் போனது. அந்த ஒன்பது கிழமையின் தொடக்கத்திலேயே பிடிபட்டவர் ராசன். பேசாலையைச் சேர்ந்தவர். அவரை ஒதுக்கியது வடக்கே தூரத்தில் ஒரு ஹைமுக்கு. இங்கே இருக்கும் தமக்கையின் பிள்ளைக்கு ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் அவர்தான். அனுமதி கேட்டு எழுதினார், பதில் இல்லை. பிள்ளைக்குக் குறித்த நாளைத் தள்ள ஏலாது என்று வந்தார். வந்து இரண்டு கிழமை தமக்கை வீட்டில் நின்றபோது பிடிபட்டார். இரண்டு கிழமையாய் ஆள் இல்லையென்று ஹைமில் பெயரையும் வெட்டிவிட்டார்கள். நிலையான விலாசம் இல்லை. விளக்கமறியல்.

முதலியார் விலாசம் கொடுத்தார். பிணைக்குக் காசு இல்லை. முதலியார் தன் மோதிரத்தைக் கழற்றப் போனார், அது போதாது. இரண்டு முறை மேன்முறையீடு எழுதினார். உங்கள் நிதியமே உங்களை விசாரிக்கிறதாமே என்று கேட்டார்கள். மொட்டைக் கடிதத்தின் வாசம் கோடுவரைக்கும் போய்விட்டிருந்தது. ராசன் அறுபத்தொரு நாள் உள்ளே இருந்தார். அந்த அறுபத்தொரு நாளுக்குள்தான் அவருடைய அசூல் விசாரணைக்கான, அதாவது அகதி விண்ணப்ப விசாரணைக்கான, டெர்மின் என்ற தவணை வந்தது. கடிதம் பெயர் வெட்டிய ஹைமுக்குப் போனது. ஆள் வரவில்லையென்று அவருடைய விண்ணப்பத்தையே தள்ளிவிட்டார்கள். அதைத் திரும்ப எழுப்ப ஒரு வருடமும் மூன்று மாதமும் சென்றது. அந்தக் காலம் முழுக்க ஒவ்வொரு விடியலிலும் கதவு தட்டுப்படுமோ என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டே படுத்திருந்தேன் என்று அவர் ஒருமுறை சொன்னார். அவர் சொன்னது எனக்கு. என்னிடம்தான் சொன்னார்.

ராசன் அதோ நாலாம் வரிசையில் இருக்கிறார்.

மார்கழியில் ஸ்டிவ்டுங் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் கிண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. சோசியல் பணம் ஒரு பெயரிலும் அந்த வீட்டுக்கு வரவில்லை. தூதரகத்துக்கு ஒரு துண்டும் போகவில்லை. நிதி திரும்பத் திறந்தது, ராசனும் வெளியில் வந்தார். மன்னிப்புக் கேட்டார்களா என்று முதலியாரை நான் கேட்டேன். குடிக்கக் கோப்பி தந்தவர்கள் என்றார்.

அதன் பிறகுதான் எனக்கு இன்றைக்கும் விடை தெரியாத காரியம் நடந்தது. தைப்பொங்கல் முடிந்த கிழமை முதலியார் என் அறைக்கு வந்தார். அதற்கு முன் அவர் என் வாசல்படி மிதித்தவரில்லை. நானும் அவரோடு பத்து வார்த்தை பேசியவனில்லை. கட்டிலில் இருந்துகொண்டு சொன்னார்:

"பரிசோதகர், எங்கட பெட்டியை மாசத்துக்கொருக்கா வந்து பரிசோதிச்சுத் தாறியளோ? வந்த கடிதம் எத்தினை, குடுத்தது எத்தினை எண்டு பார்க்கோணும். உங்களை மாதிரி ஒருத்தரையும் நம்பாத ஆள்தான் இதுக்குச் சரி."

நான் என்ன நினைத்தேன்? இவர் எனக்குப் பொறி வைக்கிறார் என்று நினைத்தேன். என்னை உள்ளே இழுத்துக் கூட்டாளியாக்கி என் வாயை மூடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். போனேன். பிடிக்கத்தான் போனேன். ஒவ்வொரு மாதமும் முதலாம் சனிக்கிழமை. உறைகளில் தபால்காரன் எழுதின நாளையும், வாங்கினவர் வைத்த கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். உறை திறந்து ஒட்டப்பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மக்டலீன் அக்கா வைத்த தேத்தண்ணியை முதல் எட்டு மாதம் நான் தொடவில்லை. அக்காவுக்கு அது தெரியும். இருபத்திரண்டு மாதம் பார்த்தேன். ஒரு உறை பிந்தவில்லை. ஒரு உறை திறபடவில்லை. எங்கேயாவது ஒரு பிழை இருக்காதா என்று ஏங்கினேன். ஏங்கினேன் என்று சொல்ல வெட்கமாய் இருக்கிறது. பிழை இருந்திருந்தால் நான் சரியானவனாய் இருந்திருப்பேன்.

ஏனென்றால் அந்த மூன்று கடிதத்தில் ஒன்று என்னுடையது.

ஓம். நான்தான்.

பெட்டிக்கு முன்னால் நின்று முப்பத்துமூன்று பெயரையும் கொப்பியில் எழுதினேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு முப்பத்துமூன்று பெயர் எப்படி என்று என் பரிசோதகர் மூளை கேட்டது. முதலியாரை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். சங்கக் கடைகளிலும் நான் கேட்பதில்லை, மேலிடத்துக்கு எழுதுவதுதான் வழக்கம். கையெழுத்துப் பிடிபடக் கூடாதென்று இடது கையால் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு பக்கம் எழுத நாலு மணித்தியாலம் பிடித்தது. இங்கே தபாலில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுக்கும் என்று ஹம்முக்கு ரெயில் ஏறிப் போய்ப் போட்டேன். அப்போது எனக்கும் இந்த நகரத்தை விட்டு வெளியில் போக அனுமதி இல்லை. போகும்போது பிடிபட்டிருந்தால் என்னைப் பிணையில் எடுக்க வந்திருக்கக்கூடிய ஒரே ஆள் முதலியார். அவருக்கு எதிரான கடிதம் என் உள்சட்டைப்பைக்குள் இருந்திருக்கும். அப்படியும் அவர் எடுத்திருப்பார். அந்த நினைப்புத்தான் என்னை இப்போது தின்கிறது.

முதலியாருக்குத் தெரியுமா? இருபத்தாறு வருடம் கோட்டில் கையெழுத்துகளைப் பார்த்தவர். இடது கையால் எழுதினாலும் ஒவ்வொரு குற்றத்துக்கும் இலக்கம் போட்டு, கடைசியில் இரட்டைக் கோடு இழுப்பது என் பழக்கம். அந்தக் கடிதத்திலும் இழுத்திருந்தேன், அதை விசாரணையில் அவருக்குக் காட்டியும் இருப்பார்கள். அவருக்கு எழுதித் தந்த ஒவ்வொரு மாத அறிக்கையிலும் இழுத்தேன். அவர் கோட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மடித்து வைப்பார். தெரிந்துதான் கூப்பிட்டாரா? தெரியாமல்தான் கூப்பிட்டாரா? தெரிந்து கூப்பிட்டவரென்றால் அவரைப் போல ஒரு மனிசன் உண்டா? இதைக் கேட்க எனக்கு இருபத்திரண்டு சனிக்கிழமை இருந்தது. ஒரு சனிக்கிழமையும் வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை மக்டலீன் அக்கா முந்தநாள்தான் எனக்குச் சொன்னார். முதலியாருக்கு நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்கு இரண்டு முறை நாள் கொடுத்தார்களாம். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருக்க வேணும். இரண்டு முறையும் அவரே தள்ளிப்போட்டார். அந்த மூன்று கிழமை தபாலை ஆர் எடுக்கிறது என்று கேட்டாராம். பரிசோதகரிட்டைக் குடுங்கோவன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்த மனிசன் தன்ரை பெயரைப் பெட்டியிலை ஒட்டவே பயப்பிடுது, அதுக்கேன் கஷ்டம் குடுப்பான் என்றாராம் முதலியார். உண்மை. என் வீட்டுத் தபால்பெட்டியில் வீட்டு இலக்கம் மட்டும்தான் இருக்கிறது. தபால்காரனுக்கு மட்டும் ரகசியமாய்ச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் என்னைக் கேட்டிருந்தால் நான் ஓம் என்றிருப்பேனா? தெரியவில்லை. அக்கா, எனக்கு உண்மையாய்த் தெரியவில்லை.

நான் ஒரு கடிதம் எழுதினேன். ஸ்டிவ்டுங்குக்குப் போனது மூன்று. மற்ற இரண்டும் ஆர் எழுதினது என்று நான் கேட்கப் போவதில்லை. அவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள் என்று மட்டும் எனக்குச் சந்தேகம். என் சந்தேகம் ஒருமுறை பிழையாய்ப் போனது. இதில் பிழைக்காது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். நேற்று என் வீட்டுச் சொந்தக்காரனிடம் போனேன். என் பெட்டியில் பதினொரு பெயர் ஒட்டலாம் என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். எழுத்தில் இல்லாமல் நான் நம்பமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குக் குசினியில் இனி மாலை வேலை, காலைத் தபாலுக்கு நான் வீட்டில் இருப்பேன். திருமதி மோலன்காம்ப், பங்குனிக்குப் பிறகும் நிதி தருவீர்களா என்று உங்கள் சபை இன்னும் முடிவு செய்யவில்லை என்று கேள்வி. உங்கள் வருட அறிக்கையில் முதலியாருடைய படத்தைப் போடப் போகிறீர்கள் என்றும் கேள்வி. போடுங்கோ. படத்தைப் போட்டுவிட்டுப் பையைக் கட்டிவிடுவீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நான் எழுதுவேன். இந்த முறை வலது கையால், கீழே என் பெயரோடு. கோடுகளில் இருந்து பார்த்துக் குறிக்கும் வேலையையும் எடுக்கிறேன். நீதவான்மாரை முறைத்துப் பார்க்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

பதினொரு பேரில் பத்துப் பேரை இந்தக் கிழமை வீடுவீடாய்ப் போய்ச் சந்தித்தேன். இந்தக் கடிதக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். ஒருவர் கதவைச் சாத்தினார், இரண்டு நாள் கழித்துத் திறந்தார். பத்துப் பேரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். பதினோராவது ஆளின் வாசலுக்கு மூன்று முறை போனேன். மணியை அடிக்காமல் திரும்பி வந்தேன்.

ராசன், அந்த ஆள் நீர்.

உம்முடைய அறுபத்தொரு நாளுக்கும், அதுக்குப் பிறகு நீர் சப்பாத்தோடை படுத்த இரவுகளுக்கும் காரணம் நான். நீர் என்ரை அறையில இருந்து அழுது சொன்னபோது உமக்குத் தண்ணி எடுத்துத் தந்தது இந்தக் கைதான். சபையில வைச்சுக் கேக்கிறது உம்மை நெருக்கிறதுக்கில்லை. நீர் வேண்டாம் எண்டால் நடேசன் அண்ணை தன்ரை பெட்டியில உம்முடைய பெயரைப் போட ஒத்துக்கொண்டிட்டார். செவ்வாய்க்கிழமை உமக்கு ஒண்டும் நடவாது. ஆனபடியால் பயமில்லாமல் சொல்லலாம்.

உம்முடைய கடிதங்களை என்ரை கையால வாங்கித் தர என்னை விடுவீரோ?

நான் கீழே இறங்கி உமக்குப் பக்கத்தில வாறன். ஓம் எண்டாலும் இல்லையெண்டாலும் எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்.